டவ்காட் மெயில் செர்வர் ரிவியூ: போல்டர் லிஸ்ட்ட ஒழுங்கா காட்டுதா?

இந்த ரிவியூ டவ்காட் பத்தி, அதுலயும் ஒரே ஒரு விஷயத்த பத்தி, மெயில் ஆப் திறந்ததும் இடது பக்கம் வர போல்டர் லிஸ்ட். ஸ்பேம் பில்டர், ஸ்டோரேஜ் எல்லாம் வேற யாராச்சும் எழுதியிருப்பாங்க, நான் அந்தப் பக்கம் போகல. பினாங்குல பட்டர்வொர்த், ஜார்ஜ்டவுன் பக்கம் இருக்க போர்வார்டிங் ஏஜென்ட், லோரி கம்பெனி, சின்ன ஆடிட் ஆபீஸ், இந்த மாதிரி இடங்களுக்கு மெயில் செர்வர் பார்த்துக்கறது என் வேலை, அங்கேருந்து வர போன்ல அடிக்கடி கேக்கறது "என் போல்டர காணோம்"தான். போன வருஷம் ஒரு கிராணி அக்கா கூப்பிட்டு, "தம்பி, கே1 கஸ்தம் பாரமெல்லாம் ஒரு போல்டர்ல போட்டு வச்சிருந்தேன்ல, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு, போன்ல வரவே மாட்டேங்குதுப்பா, கஸ்தம்ல நின்னுக்கிட்டு இருக்கேன், ஏதாச்சும் அழிச்சிட்டியா?"ன்னு கேட்டாங்க. ஒண்ணும் அழியல. போன்ல இருக்க ஆப் ஒரு மாதிரி கேட்டுச்சு, கம்ப்யூட்டர்ல இருக்க ஆப் வேற மாதிரி கேட்டுச்சு, செர்வர் ரெண்டு பேருக்கும் கேட்டதுக்கு ஏத்த பதில குடுத்துச்சு, அவ்ளோதான் நடந்தது.

இது புரியணும்னா ஐமேப், அதாவது மெயில் ஆப்பும் செர்வரும் பேசிக்கற முறை, எப்படி பேசுதுன்னு கொஞ்சம் தெரியணும். ஐமேப்ப 1986ல ஸ்டான்போர்ட்ல மார்க் கிரிஸ்பின் உருவாக்கினாரு, இன்னைக்கு நிறைய செர்வருங்க பேசறது 2003ல வந்த ஆர்எப்சி 3501ங்கற இன்டர்நெட் விதி ஆவணத்துல இருக்க வடிவம், 2021ல ஆர்எப்சி 9051னு புது வடிவமும் வந்திருச்சு. மெயில் ஆப் லாகின் ஆனதும் செர்வர்கிட்ட "லிஸ்ட்"னு ஒரு கமாண்ட் அனுப்பும். கூட ஒரு பேட்டர்ன் இருக்கும், * போட்டா கீழ இருக்க எல்லா லெவலும் வேணும்னு அர்த்தம், % போட்டா ஒரு லெவல் மட்டும் போதும்னு அர்த்தம். செர்வர் ஒவ்வொரு போல்டருக்கும் ஒரு வரி பதில் அனுப்பும், அந்த வரியில மூணு விஷயம் இருக்கும். மொதல்ல சில அடையாளங்க, அதாவது இதுக்குள்ள குட்டி போல்டர் இருக்கா, இத திறக்க முடியுமா, இது அனுப்பின மெயிலுக்கானதா. அடுத்தது ஒரே ஒரு எழுத்து, அதுதான் செபரேட்டர், லெவல பிரிக்கறது. கடைசியா போல்டரோட முழுப் பேரு. மெயில் ஆப்ல நீங்க பாக்கற அழகான மரம் மாதிரி அடுக்கு இருக்கே, அத செர்வர் மரமா அனுப்பறதே இல்ல, தட்டையான பேருங்களத்தான் அனுப்புது, ஆப்தான் செபரேட்டர் வர இடத்துலலாம் வெட்டி வெட்டி அடுக்குது.

அந்த ஒரு எழுத்துலதான் நம்ம ஊர் ஆபீசுங்களுக்கு தலைவலியே ஆரம்பிக்குது.

ஐமேப் ரூல்ல செபரேட்டர் இதாத்தான் இருக்கணும்னு கிடையாது, செர்வர் இஷ்டம். நடைமுறையில புள்ளி, இல்லன்னா சாய்கோடு. ஜிமெயில் சாய்கோடு. டவ்காட்ல மெயில டிஸ்க்ல வைக்க மெயில்டிர்ங்கற பார்மட் போட்டா, ஒண்ணும் சொல்லலன்னா புள்ளி, எம்பாக்ஸ்ங்கற பார்மட்னா சாய்கோடு. இப்போ நம்ம ஆபீஸ்ல போல்டருக்கு என்ன பேரு வைப்பாங்க? கஸ்டமர் பேரு. கஸ்டமர் பேருல என்ன இருக்கும்? செண்டிரியான் பெர்ஹாட் (மலேசியாவுல பிரைவேட் லிமிடெட்), அத சுருக்கி எழுதறப்போ எஸ்டிஎன் ஒரு புள்ளி, பிஎச்டி ஒரு புள்ளி. செபரேட்டர் புள்ளியா இருக்க செர்வர்ல இந்தப் பேர அப்படியே அடிச்சா, ஆப்ப பொறுத்து ஒண்ணு எரர் வரும், இல்லன்னா "இன்னார் எஸ்டிஎன்"னு ஒரு போல்டரும் அதுக்குள்ள வெறும் "பிஎச்டி"ன்னு ஒரு குட்டி போல்டரும் வந்து நிக்கும். மேல இருக்கறத க்ளிக் பண்ணா திறக்காது, ஏன்னா அப்படி ஒரு மெயில்பாக்ஸே உண்மையில இல்ல, பேர நடுவுல வெட்டினதால வந்த நிழல் அது, செர்வரும் அதுக்கு "நோசெலக்ட்"னு அடையாளம் போட்டுத்தான் அனுப்பும். நான் ஒரு ஆபீஸ்ல பாத்தேன், கஸ்டமர் போல்டர் ஒவ்வொண்ணுக்கும் உள்ள "பிஎச்டி", "பிஎச்டி", "பிஎச்டி"ன்னு வரிசையா இருக்கு, தௌக்கே, அதாவது முதலாளி, அது ஏதோ கம்ப்யூட்டர் தானா போடறதுன்னு நெனச்சு பழகிட்டாரு.

சரி, சாய்கோடுக்கு மாத்தினா தீந்துச்சான்னு கேட்டா, நம்மாளுங்க பேர பாருங்க. ஐசில, அதாவது அடையாள அட்டையில, இருக்கபடி ஏ/எல் (இன்னார் மகன்), ஏ/பி (இன்னார் மகள்). சம்பளம், கேடபிள்யூஎஸ்பி (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பேப்பருக்காக ஆளாளுக்கு ஒரு போல்டர் போடற ஆபீசுல ஐசி பேரயே காப்பி பண்ணி வைப்பாங்க, செபரேட்டர் சாய்கோடா இருந்தா அப்பா பேரு தனியா ஒரு லெவல் கீழ போயி உக்காந்துக்கும். ஒரு பக்கம் போனா கம்பெனி பேரு ஒடையுது, இன்னொரு பக்கம் போனா ஆள் பேரு ஒடையுது. இந்தப் பிரச்சனைய வேற எந்த ஊர் ரிவியூலயும் நான் படிச்சதில்ல, ஆனா பினாங்குல ஆபீஸ் மெயில் செட் பண்றவங்க மொதல் நாளே இத முடிவு பண்ணியாகணும்.

இங்கதான் டவ்காட்டுக்கு என்னோட மொதல் பாராட்டு. டிஸ்க்ல பைல் எப்படி இருக்குங்கறதும் ஆப்புக்கு என்ன செபரேட்டர் காட்றதுங்கறதும் அதுல தனித்தனி. நேம்ஸ்பேஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல செபரேட்டர் சாய்கோடுன்னு எழுதிட்டா போதும், டிஸ்க்ல மெயில்டிர் இன்னும் புள்ளிலதான் இருக்கும், வெளிய சாய்கோடா தெரியும். புள்ளி இருக்க பேரு வேணும்னா லிஸ்ட்எஸ்கேப்னு ஒரு பிளகின் இருக்கு, டிஸ்க்ல எழுதறப்போ அந்தப் புள்ளிய வேற குறியா மாத்தி எழுதிக்கும், லிஸ்ட்ல திரும்ப புள்ளியாவே காட்டும். நான் எல்லா ஆபீசுக்கும் போடறது இந்த ஜோடிதான், செபரேட்டர் சாய்கோடு, கூட லிஸ்ட்எஸ்கேப். கம்பெனி பேரு முழுசா நிக்குது. ஆள் பேருக்கு மட்டும் ஏ/எல்ல சாய்கோடு இல்லாம சேத்து எழுதுங்கன்னு சொல்லிடுவேன், அக்காமாருங்க ஒரு வாரத்துல பழகிடறாங்க.

அடுத்தது பிரிபிக்ஸ், அதாவது எல்லா போல்டர் பேருக்கும் முன்னாடி செர்வர் ஒட்டற துண்டு. என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஒரு போர்வார்டிங் ஆபீஸ் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில இருந்தாங்க, பேரு வேணாம். அங்க எல்லா போல்டருமே இன்பாக்ஸுக்கு அடியில. அனுப்பினது, டிராப்ட், குப்பை, கஸ்டமர், எல்லாம் "இன்பாக்ஸ்." னு ஆரம்பிக்கும், இன்பாக்ஸ் பக்கத்துல இருக்க அம்புக்குறிய தொறந்தாத்தான் மத்ததே கண்ணுக்குத் தெரியும். இது தப்புன்னு சொல்ல முடியாது, கூரியர்ங்கற மெயில் செர்வர் காலத்துலேருந்து வர பழக்கம், சைரஸ்ங்கற இன்னொரு செர்வர்ல கூட முன்னாடி அப்படித்தான் டிபால்ட், 3.0லதான் மாத்தினாங்க. ஆனா அந்தக் கம்பெனிகிட்ட இந்த பிரிபிக்ஸ எடுக்க முடியுமான்னு கேட்டா பதிலே வரல, டிக்கெட்ட மூடிட்டாங்க, எனக்கு அதுல இன்னும் கோவம் இருக்கு, ஏன்னா போன் மாத்தற ஒவ்வொரு தடவையும் புது ஆப் பிரிபிக்ஸ் தெரியாம "சென்ட்"ன்னு மேல் லெவல்ல ஒரு போல்டர் போட பாக்கும், செர்வர் முடியாதுன்னு சொல்லும், அனுப்பின மெயில் எங்கயும் சேவ் ஆகாது. கஸ்தம் பேப்பர் அனுப்பினதுக்கு சாட்சியே இல்லாம ஒரு ஆள் நின்னா அது சின்ன விஷயமா?

டவ்காட்ல இதுக்கு ஒரு வழி இருக்கு, இந்த ரிவியூல நான் முக்கியமா சொல்ல வந்ததுல இது ஒண்ணு. மெயின் நேம்ஸ்பேஸ்ல பிரிபிக்ஸ் காலியா வச்சிடணும். கூடவே பழைய "இன்பாக்ஸ்." பிரிபிக்ஸோட ரெண்டாவது நேம்ஸ்பேஸ் ஒண்ணு எழுதி, அத மறைச்சு வைக்கணும், லிஸ்ட்ல வரக்கூடாதுன்னும் சொல்லணும், அது மெயின் நேம்ஸ்பேஸோட இன்னொரு பேருதான்னு ஏலியஸ் போடணும். அப்போ புதுசா வர ஆப் லிஸ்ட் கேட்டா சுத்தமான பேருங்க மட்டும் தெரியும், பழைய செட்டிங்கோட இருக்க போன் "இன்பாக்ஸ்.சென்ட்"ன்னு பழைய பேர்ல கூப்பிட்டாலும் செர்வர் புரிஞ்சுக்கிட்டு அதே போல்டர குடுக்கும். ஒரு ஆபீஸ் முழுக்க ஒரே நாள்ல எல்லா போனையும் வாங்கி செட்டிங் மாத்தவேண்டிய அவசியமே இல்ல. மெயில இந்தப் பக்கம் கொண்டு வர ஐமேப்சிங்க்ங்கற டூல் பயன்படுத்தினேன், அது ரெண்டு செர்வர்கிட்டயும் செபரேட்டர், பிரிபிக்ஸ் என்னன்னு அதுவே கேட்டு பேர மாத்திக்கும், ஆனா நம்பி விட்றாதீங்க, ஜஸ்ட்போல்டர்ஸ், டிரை ரெண்டு ஆப்ஷனையும் போட்டு மொதல்ல ஓட்டுங்க, ஒண்ணையும் காப்பி பண்ணாம எந்தப் பேரு எந்தப் பேரா மாறப் போகுதுன்னு மட்டும் திரையில காட்டும், அத பிரிண்ட் எடுத்து ஆபீஸ் ஆள்கிட்ட காட்டி ஓகே வாங்கிட்டு அப்புறம் ஓட்டுங்க.

சென்ட் போல்டர் ரெண்டு மூணா வர பிரச்சனையும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒரு ஆப் "சென்ட்"ன்னு தேடும், ஆப்பிள் "சென்ட் மெசேஜஸ்", அவுட்லுக் "சென்ட் ஐட்டம்ஸ்". 2011ல ஆர்எப்சி 6154 வந்து இதுக்கு முடிவு கட்டுச்சு, போல்டர் பேரு எதுவா வேணா இருக்கட்டும், லிஸ்ட் பதில்லயே இது அனுப்பினதுக்கு, இது டிராப்ட்டுக்கு, இது குப்பைக்குன்னு செர்வர் அடையாளம் போட்டு சொல்லிடலாம். டவ்காட்ல மெயில்பாக்ஸ் செட்டிங்குக்கு தனி பைல் ஒண்ணு கூடவே வருது, அதுல "சென்ட்", "சென்ட் மெசேஜஸ்" ரெண்டுக்கும் அடையாளம் போட்டே வச்சிருக்காங்க. நான் ரெண்டாவத எடுத்துட்டு, "சென்ட்" ஒண்ண மட்டும் ஆட்டோ சப்ஸ்கிரைப்போட வச்சிடுவேன், ஆப் லாகின் ஆகற நேரமே போல்டர் ரெடியா இருக்கும். பழைய ஆப்புங்க சிலது இந்த அடையாளத்த கண்டுக்கறதே இல்ல, அதுக்கு கைல செட் பண்ணித்தான் ஆகணும்.

இப்போ கே1 அக்கா விஷயம். ஐமேப்ல போல்டர் இருக்கறது வேற, அத சப்ஸ்கிரைப் பண்றது வேற. ஆப் புது போல்டர் போடறப்போ கிரியேட்னு ஒண்ணு, சப்ஸ்கிரைப்னு இன்னொண்ணு, ரெண்டு கமாண்ட் அனுப்பணும். சிலது ரெண்டாவத அனுப்பறதில்ல. தண்டர்பேர்ட் மாதிரி ஆப் வழக்கமா சப்ஸ்கிரைப் ஆனத மட்டும்தான் காட்டும், எல்லாத்தையும் காட்டற ஆப்பும் இருக்கு. அதனால ஒரு போல்டர் ஒரு இடத்துல தெரியும், இன்னொரு இடத்துல தெரியாது. டவ்காட்ல சப்ஸ்கிரிப்ஷன் லிஸ்ட் ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைல்தான், திறந்து படிக்கலாம், டவ்காட்டோட டவ்அட்ம்ங்கற கமாண்ட்ல எல்லா போல்டரையும் ஒரு தடவ, சப்ஸ்கிரைப் ஆனத மட்டும் ஒரு தடவ எடுத்து ஒப்பிட்டு பாத்தா எது விட்டுப் போச்சுன்னு அப்பவே தெரிஞ்சிடும். அக்கா போன வைக்கறதுக்குள்ள அந்த போல்டர சப்ஸ்கிரைப் பண்ணி விட்டேன், "ஆ வந்துருச்சு வந்துருச்சு"ன்னாங்க. இன்னொண்ணும் தெரிஞ்சு வச்சிக்கோங்க, போல்டர அழிச்சாலும் சப்ஸ்கிரிப்ஷன்லேருந்து செர்வர் தானா பேர எடுக்கக்கூடாதுன்னு ரூல், அதனால செத்த பேருங்க லிஸ்ட்ல சாம்பல் கலர்ல தொங்கினா செர்வர் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல.

தமிழ்ல போல்டர் பேரு வைக்கலாமான்னு நிறைய பேரு கேக்கறாங்க. தாராளமா வைக்கலாம். பழைய ஐமேப்ல பேருங்க மாடிபைட் யூடிஎப்-7னு ஒரு முறையில போகும், தமிழ் எழுத்தெல்லாம் & குறியில ஆரம்பிச்சு - குறியில முடியற இங்லீஷ் எழுத்து கூட்டமா மாறிடும். செர்வர் டிஸ்க்ல போய் பாத்தா தமிழ் போல்டர் எல்லாமே & அடுத்து சி எழுத்துல ஆரம்பிக்கும், ஏன்னா யூனிகோட்ல தமிழ் எழுத்து எல்லாம் ஒரே கட்டத்துல இருக்கு. பாக்க குப்பை மாதிரி இருக்கும், பயந்து ரீநேம் பண்ணிடாதீங்க, ஆப்ல ஒழுங்காத்தான் தெரியும். இடமும் பெருசா கூடறதில்ல, "பினாங்கு"ங்கற பேருக்கு இந்த முறையில 24 எழுத்து ஆகுது, யூடிஎப்-8லயும் 24 பைட்தான். ஆனா மெயில்டிர்ல ஒரு சிக்கல் இருக்கு, அடுக்கு எவ்ளோ ஆழமா போனாலும் டிஸ்க்ல அது ஒரே ஒரு டைரக்டரி பேரு, புள்ளி வச்சு ஒட்டி ஒட்டி எழுதினது. லினக்ஸ்ல ஒரு பேருக்கு 255 பைட்தான் அளவு. கஸ்டமர், அதுக்குள்ள வருஷம், அதுக்குள்ள மாசம், அதுக்குள்ள கண்டெய்னர்னு தமிழ்லயே நீளமா எழுதிக்கிட்டு போனா ஒரு எடத்துல செர்வர் கைய விரிச்சிடும். மூணு லெவலுக்கு மேல போகாதீங்கன்னு நான் சொல்றதுக்கு காரணம் இதுதான். நிஜமாவே ஆழம் வேணும்னா டவ்காட்ல எப்எஸ் லேயவுட்னு இருக்கு, அதுல லெவலுக்கு ஒரு டைரக்டரி, ஆனா அத ஆரம்பத்துலயே முடிவு பண்ணணும்.

பொது போல்டர் வேணுங்கற ஆபீசுக்கு டவ்காட் ரொம்பவே நல்லா வேல செய்யுது. பொதுன்னு தனி நேம்ஸ்பேஸ் போட்டு கே1, கே2 எல்லாம் அங்க வச்சா எல்லா கிராணியும் ஒரே இடத்த பாக்கலாம். யாருக்கு என்ன தெரியணும்ங்கறது ஏசிஎல்ங்கற உரிமைப் பட்டியல்ல, அதுல லுக்அப்னு ஒரு உரிமை தனியா இருக்கு, அது இல்லாத ஆளுக்கு அந்த போல்டர் லிஸ்ட்லயே வராது. படிக்க முடியாதுங்கறது வேற, அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதுங்கறது வேற. சம்பள போல்டர் விஷயத்துல தௌக்கே கேட்டது ரெண்டாவதுதான், அது அப்படியே கெடச்சுது.

வேகத்துக்கு வந்தா, முன்னாடி ஆப் லிஸ்ட் வாங்கிட்டு அப்புறம் ஒவ்வொரு போல்டருக்கும் தனித்தனியா படிக்காத மெயில் எத்தனைன்னு கேக்கும். போல்டர் நூத்துக்கணக்குல இருந்தா, பெர்ரில லைன் விட்டு விட்டு வரப்போ அது எவ்ளோ இழுக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. 2010ல வந்த ஆர்எப்சி 5819 படி லிஸ்ட் கேக்கறப்பவே அந்தக் கணக்கையும் சேத்து கேட்டுக்கலாம், டவ்காட் அத தருது. ஆப் கேக்கத் தெரிஞ்சிருக்கணும், அது செர்வர் கைல இல்ல.

குறைன்னு பாத்தா, 2.4 வெர்ஷன் 2025 ஜனவரியில வந்தப்போ கான்பிக், அதாவது செட்டிங் பைல், எழுதற முறையவே மாத்திட்டாங்க, 2.3 பைல அப்படியே போட்டா செர்வர் ஸ்டார்ட்டே ஆகாது, செட்டிங் பேருங்களும் நிறைய மாறிடுச்சு. சின்ன ஆபீஸ் செர்வர் பாத்துக்கற ஒத்த ஆளுக்கு இது நிஜமாவே கஷ்டம், நான் இன்னும் சில இடத்துல 2.3லயே வச்சிருக்கேன். அப்புறம், செபரேட்டர பாதியில மாத்தறத டவ்காட் தடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது, ஆனா வர மெயில தானா போல்டருக்கு பிரிச்சு விடற சீவ் பில்டர்ல எழுதி வச்ச போல்டர் பேரு எல்லாம் பழைய செபரேட்டர்லயே இருக்கும், மெயில் போற இடம் தெரியாம போகும். மெயில் ஒண்ணு கூட உள்ள வர்றதுக்கு முன்னாடி நேம்ஸ்பேஸ முடிவு பண்ணிடுங்க.

இது ஓபன் சோர்ஸ், பின்லாந்துக்காரர் டிமோ சிரைனென் 2002ல வெளியிட்டது, காசு கிடையாது. லினக்ஸ் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூப்பிடு தூரத்துல இருந்தா கண்ண மூடிக்கிட்டு போடலாம், அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரைய குறைச்சது 2.4 கான்பிக்குக்காக. ஆள் இல்லன்னா ஹோஸ்டிங்தான், ஆனா வருஷ சந்தா கட்டறதுக்கு முன்னாடி ஒரு டிரயல் அக்கவுன்ட் வாங்கிக்கோங்க. ஓபன்எஸ்எஸ்எல்ங்கற கமாண்ட் டூல் வச்சு ஐமேப்போட 993 போர்ட்டுக்கு கனெக்ட் ஆகி, லாகின் பண்ணி, லிஸ்ட்னு அடிச்சு ரெண்டு காலி மேற்கோள் குறி போட்டா செபரேட்டர் என்னன்னு ஒரே வரியில சொல்லிடும், அடுத்து நேம்ஸ்பேஸ்னு கேட்டா பிரிபிக்ஸ் தெரிஞ்சிடும். இந்த ரெண்டு பதிலையும் பாத்துட்டு, உங்க கஸ்டமர்லயே நீளமான பேரு இருக்க செண்டிரியான் பெர்ஹாட் ஒண்ண எடுத்து புள்ளியோட ஒரு போல்டர் போட்டு, அது போன்ல எப்படி வருதுன்னு பாத்துட்டு காச கட்டுங்க.